இருபத்தாறு சென்டிமீட்டர்

கட்டடப் பொறியியல் வகுப்பில் அவளுக்குப் பேர் ‘ஓவியம்’. ஓவிய அறையில் அவளுக்குப் பேர் ‘இன்ஜினியர்’. இரண்டுமே மரியாதைக்கு வைத்த பேர் இல்லை. வீட்டில் அவள் ‘பெரியவள்’. அதுவாவது உண்மை. அவளுக்குக் கீழே ஒரு சின்னவள் இருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். சொந்தப் படிப்போடு சேர்த்து வேறொரு துறையில் ஆறு பேப்பர் படித்து முடித்தால், பட்டச் சான்றிதழில் அதையும் ஒரு வரியாகப் போடுவார்களாம். அதற்கு மைனர் என்று பேர். வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாம் கணினிக்கும் நிர்வாகத்துக்கும் ஓடினார்கள். வேலை கிடைக்கும் பக்கம் ஓடுவதில் தப்பில்லை. பெரியவள் மட்டும் ஓவியத்தில் டிக் அடித்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிவைத்தாள். நிஜக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் வருஷம் ஒரு நாள் கழிவறை தேடிப் போனவள் வழி தவறி ஓவிய அறைக்குள் நுழைந்துவிட்டாள். பன்னிரண்டுக்கு ஒன்பது மீட்டர் கூடம். மூன்று பக்கம் ஜன்னல். நடுத்தரையில் ஒன்றுமே இல்லை. பெட்டி இல்லை, பீரோ இல்லை, யாருடைய காலும் இல்லை. அவ்வளவு தரை சும்மா கிடப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அதனால் மைனர் என்றால் என்னவென்று அவள்தான் எல்லாருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

“மைனரா?” என்றாள் அம்மா. “செயினைப் போட்டுக்கிட்டு வேலைவெட்டி இல்லாம திரிவானே, அவனா?”

“படிப்புக்குள்ள இன்னொரு படிப்பும்மா.”

“கூட எத்தனை வருஷம் ஆகும்?” என்றார் அப்பா.

“ஒண்ணும் ஆகாதுப்பா. அதே நாலு வருஷம்தான்.”

“அப்ப படி.” அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்பார்.

புதன் மதியமும் சனிக்கிழமையும் அதற்கே போயின. முதல் வகுப்பில் ஒரு கூஜாவை வரையச் சொன்னார்கள். பெரியவள் கூஜாவை வரைந்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டு உயரம், விட்டம், கழுத்தின் அகலம் எல்லாம் எழுதிக் கொடுத்தாள். ஓவிய ஆசிரியருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒற்றைக் காதில் கடுக்கன் போட்டிருப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேரும் கடுக்கன்தான். தாளைப் பார்த்துவிட்டு, “இதை எப்பக் கட்டி முடிக்கிறோம்?” என்று கேட்டார். அறையே சிரித்தது. அன்றுதான் ‘இன்ஜினியர்’ பிறந்தாள்.

அப்படியும் ஐந்து பேப்பரைத் தேறிவிட்டாள். ஆறாவதுதான் கழுத்தைப் பிடித்தது. அதில் தேர்வு கிடையாது. சொந்தமாக ஒரு வேலையைச் செய்து காட்சிக்கு வைக்க வேண்டும். மூன்று பேர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில் தவறினால் மறுவாய்ப்பு இல்லை. மைனரே அடிபட்டுப் போய்விடும். ஐந்து பேப்பரும் காற்றோடு போகும். அந்தப் புதன்களும் சனிகளும் யார் கணக்கிலும் வராது.

அவள் எடுத்துக்கொண்டது தன் வீட்டை. வீடு என்றால் ஒரு அறையும் ஒரு சமையலறையும். அதன் தரைப்படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில், நிஜ நீளம் நிஜ அகலத்தில், வெள்ளைத் தாளை ஒட்டி ஒட்டிக் கரியால் வரைந்து ஓவிய அறையின் தரையில் விரித்துவிட்டாள். சுவர், கதவு, பீரோ, மேசை, இரும்புப் பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில். கடுக்கன் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

“எல்லாம் இருக்கு. ஆளுங்களைக் காணோமே?”

“தரைப்படத்துல ஆள் போட மாட்டாங்க சார்.”

“இது உங்க டிபார்ட்மென்ட் இல்ல.”

திரும்பி நடந்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு மதியம் பாத்திரம் கழுவியானதும் மேசையை வாசலுக்கு வெளியே மாடிப்படி ஓரமாகத் தள்ளினாள். பழுப்புத் தாள் சுருளைத் தரையில் விரித்தாள்.

“யார் முதல்ல?”

“அவரு போகட்டும்,” என்றாள் அம்மா. “படுக்கச் சொன்னா எதுக்குன்னு கேக்காத ஒரே ஆளு அவருதான்.”

அப்பா படுத்தார்.

“நேரா படுங்கப்பா. கையை உடம்போட ஒட்டி வைங்க. காலைச் சேருங்க.”

“லிஃப்ட் குழிக்குள்ள எறங்கும்போதுகூட இவ்ளோ வெறைப்பா இருந்ததில்லடி.”

பெரியவள் மண்டியிட்டு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அவரைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். காதருகே வரும்போது கை தயங்கியது. அப்பாவின் காதை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை வருஷமோ. அதில் கிரீஸ் படிந்திருந்தது. காதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். கோடு இடுப்பைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

“அவரைத் தண்டவாளத்துல படுக்கவெச்சாலும் தூங்குவாரு,” என்றாள் அம்மா. “எழுப்பாத. அப்படியே தாளோட இந்தப் பக்கம் இழு.”

அப்பாவைத் தாளோடு இழுத்து ஓரங்கட்டினார்கள். அடுத்து அம்மா படுத்தாள். உடையைக் கணுக்கால்வரை இழுத்து நீவிவிட்டுக்கொண்டாள்.

“கொலை நடந்த எடத்துல போலீஸ்காரன் சாக்பீஸால கோடு போடுவானே, அந்த மாதிரி இருக்குடி.”

“பேசாதம்மா. அசையுது.”

“வாய் பேசினா கால் எப்படி அசையும்?”

“உனக்கு அசையும்.”

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் முறை வந்தபோது கிச்சுக்கிச்சு தாங்காமல் மூன்று தாளை வீணாக்கினாள். கடைசியாகப் பெரியவள் படுக்க, சின்னவள் கோடு போட்டாள். “அக்கா, மூச்சை விடு, செத்துடப் போற,” என்றாள்.

அம்மா எழுந்து நின்று தன் கோட்டை மேலிருந்து பார்த்தாள். அவளுக்கு வேலை ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு மடிப்பது. குனிந்து உள்ளங்கையால் தாளை ஒருமுறை நீவினாள்.

“இவ்ளோ நீளமா நானு? பரவால்லையே. கஞ்சி போட்டு வெச்ச மாதிரி இருக்கேன்.”

திங்கட்கிழமை நான்கு உருவங்களையும் கோட்டோடு வெட்டி ஓவிய அறைக்குக் கொண்டுபோனாள். தரைப்படத்தில் பீரோ, பெட்டி, மேசையின் கால்கள் போக மிச்சத் தரை இரண்டு மீட்டர் பத்து நீளம், ஒரு மீட்டர் ஐம்பத்தைந்து அகலம். பீரோ ஓரத்திலிருந்து தொடங்கினாள். அப்பா, ஐம்பத்தொன்று. அம்மா, நாற்பத்தேழு. சின்னவள், முப்பத்தொன்பது. பிறகு அவள், நாற்பத்துநான்கு. கூட்டிப் பார்த்தால் நூற்று எண்பத்தொன்று. இருபத்தாறு சென்டிமீட்டர் இடிக்கிறது. சரி, குறுக்கே படுக்கவைக்கலாம் என்று திருப்பினாள். அப்பாவின் பாதம் மேசைக்காலில் முட்டியது, அவளுடைய பாதமும் முட்டியது.

அளவு தப்பு என்றுதான் நினைத்தாள். அன்று சாயங்காலம் சர்வே லேப்பின் இரும்பு டேப்பை வாங்கிவந்து வீட்டை மறுபடி அளந்தாள். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. ஆனால் நான்கு பேர் பத்து வருஷமாக அந்தத் தரையில்தான் படுக்கிறார்கள். அப்படியானால் பிழை உருவங்களில் இருக்க வேண்டும். பென்சில் வெளியே சாய்ந்திருக்கும், துணி தடித்திருக்கும்.

பிழை வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். சர்வேயில் நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்து புறப்பட்ட இடத்தில் முடியும்போது கோடு சேராமல் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த விலகலை எடுத்து எல்லாப் பக்கங்களுக்கும் அதனதன் நீளத்துக்குத் தக்கபடி பங்கிட்டுக் கழித்துவிட வேண்டும். இரண்டாம் வருஷப் பாடம். அவள் அதில் வகுப்பில் முதல். அன்று மாலையே ஓவிய அறைக்குத் திரும்பி ஓடிவந்து கணக்குப் போட்டாள். அப்பாவிடம் ஏழு, அம்மாவிடம் ஏழு, தன்னிடம் ஆறு, சின்னவளிடம் ஆறு. கத்தரிக்கோலை எடுத்தாள்.

கொண்டை என்று ஒருத்தி அவளோடு படித்தாள். ஓவியமே முழுப்படிப்பாக எடுத்தவள், எந்நேரமும் கொண்டையில் தூரிகை செருகியிருப்பாள். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன இன்ஜினியர், அப்பா கையை நறுக்கற?”

“ரெண்டு பக்கமும் மூணரை மூணரை. பிழையைப் பங்கிடறேன்.”

“உங்கப்பா கேட்டாரா?”

“போடி.”

வெட்டி முடித்து அடுக்கியபோது நான்கு பேரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள். அரை சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. பெரியவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. தூர நின்று பார்த்ததும் போய்விட்டது. பெட்டிக்குள் அடுக்கிய பென்சில்கள் மாதிரி இருந்தார்கள். அம்மாவுக்குக் கையே இல்லை. கடுக்கன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

செவ்வாய் விடியும்போது மற்றவர்களுக்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். சமையலறைப் படியில் போய் உட்கார்ந்தாள். எதையோ யோசித்துக்கொண்டு சும்மா பார்த்தவள் பிறகு கண்ணை எடுக்கவில்லை.

அந்த அறையில் நிமிர்ந்து படுத்தவர் ஒருவரும் இல்லை. அப்பா பீரோவைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகியிருந்தார். அம்மாவின் கால்கள் மேசைக்கடியில் இருந்தன. தலை அப்பாவின் முதுகுப் பள்ளத்தில். சின்னவள் குறுக்கே சாய்ந்து ஒரு கையை இரும்புப் பெட்டிமேல் தூக்கிப் போட்டிருந்தாள். பெரியவள் எழுந்து வந்த இடம் சுவரோரம் ஒரு சந்து. அதிலும் பாதியைச் சின்னவளின் முழங்கால் அதற்குள் பிடித்துவிட்டது. டேப் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அளந்தாள். பதினெட்டு.

பிழை எதுவும் இல்லை. கோடு போடும்போது “நேரா படுங்க” என்று சொன்னதுதான் தப்பு. அந்த வீட்டில் யாரும் நேராகப் படுத்ததே கிடையாது, படுக்க முடியாது. பத்து வருஷம் அங்கேயே படுத்தவளுக்கு அது தெரியவில்லை. பாடம் படித்த மூளை!

லேப் நோட்டின் பின்பக்கம் கிடுகிடுவென வரைந்தாள். முழங்காலிலிருந்து சுவர், தலையிலிருந்து கதவு என்று ஒவ்வொன்றாக அளந்தாள். இரும்பு டேப் கணுக்காலில் பட்டதும் அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“என்னடி, சவப்பெட்டிக்கு அளவெடுக்கறியா?”

“தூங்குங்கப்பா.”

தூங்கிவிட்டார். ஆனால் அம்மா எழுந்துவிட்டாள். நோட்டை வாங்கிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“இது என்ன?”

“நாமதான்மா.”

“இதை அங்க வைக்கப்போறியா?”

“ஆமா. மறுபடி வெட்டணும். இதுதான் சரியா பொருந்தும்.”

“வைக்காத.”

“ஏம்மா?”

“ஞாயித்துக்கெழமை எடுத்தியே, அது நல்லா இருந்துச்சு. மனுஷங்க மாதிரி படுத்திருந்தோம். இதுல மூட்டை மாதிரி கெடக்கோம்.”

“நிஜத்துல இப்படித்தானே படுக்கறோம்?”

“நிஜம் நமக்குத் தெரியும்ல? அது போதாது? ஊரைக் கூட்டி எதுக்குக் காட்டணும்?”

“நேரா படுத்தா எடம் பத்தலம்மா. இருபத்தாறு சென்டிமீட்டர் இடிக்குது.”

“பத்தலைன்னா பத்தலைன்னு வை. நான் நாள் பூரா மடிக்கறேன். ஒத்தை ஆளு படுக்கற மெத்தைக்கு ஆறடி விரிப்பு, அதை எட்டா மடிக்கறேன். வீட்டுக்கு வந்தா என்னையும் மடிச்சு வெச்சிருக்க.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பெரியவளைச் சுட்டது. கோபத்தில் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பல் விளக்கப் போனாள். பல் விளக்கும்போதே மனசுக்குள் ஒரு பத்துப் பக்கம் பதில் சொன்னாள். காட்சி வியாழக்கிழமை. வெட்டியது பொய், வெட்டாதது பொருந்தாது, நிஜத்தை அம்மா விடமாட்டாள். அம்மாவுக்குத் தெரியாமல் வைத்துவிடலாம்தான். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அன்று முழுக்க அந்த யோசனையோடு சுற்றினாள். வகுப்பில் காங்கிரீட் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். ‘பத்தலைன்னா பத்தலைன்னு வை’ என்று அம்மா சொன்னது காதில் விழுந்ததே தவிர புத்தியில் ஏறவில்லை. புதன் மதியம் ஓவிய அறைக் கதவைத் திறக்கும்போதுதான் ஏறியது.

நேரே குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள்.

“என்ன தேடற?” என்றாள் கொண்டை.

“அப்பாவை.”

வெட்டிய துண்டுகள் எல்லாம் கிடைத்தன. துண்டுக்குத் துண்டு யாருடையது, எந்தப் பக்கம் என்று எழுதிவைத்திருந்தாள். பொறியியல் படிப்பு அந்த ஒரு உதவி செய்தது. இருவரும் உட்கார்ந்து திரும்ப ஒட்டினார்கள். ஒட்டுக் கோடு அப்பட்டமாகத் தெரிந்தது. புதுத் தாளில் வெட்டிவிடலாமே என்றாள் கொண்டை. வேண்டாம் என்றுவிட்டாள்.

பிறகு பீரோ ஓரத்திலிருந்து மறுபடி படுக்கவைத்தாள். அப்பா நேராக. அம்மா நேராக. சின்னவள் நேராக. சுவருக்கு முன்னால் மிச்சமிருந்தது பதினெட்டு. செவ்வாய்க் காலையில் பார்த்த அதே பதினெட்டு. தன்னைக் கடைசியில் வைத்தாள். பதினெட்டு உள்ளே, இருபத்தாறு சுவரைத் தாண்டி வெளியே. ஒரு தோளும் ஒரு கையும் தலையில் பாதிக்கு மேலும் பக்கத்து வீட்டில் கிடந்தன.

இருபத்தாறும் குறைவது வீட்டில். ஆளில் ஒன்றும் குறைவில்லை.

வியாழன் பதினொரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். கலைத் துறைத்தலைவர், கடுக்கன், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு பெண் சிற்பி. சிற்பிக்கு ஐம்பது வயதிருக்கும். விரலெல்லாம் வெட்டுக்காயத் தழும்பு. பெரியவளுக்கு ஒரு மணிக்கு மறுபக்கக் கட்டடத்தில் லேப். அவள் வார்த்த காங்கிரீட் கட்டிக்கு அன்று இருபத்தெட்டாவது நாள். அன்றுதான் உடைத்துப் பார்க்க வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் செல்லாது.

துறைத்தலைவர் அவள் எழுதிக் கொடுத்த குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்நூறு வார்த்தை கேட்டிருந்தார்கள். அவள் நான்கு வரி எழுதியிருந்தாள். அளவு: ஒன்றுக்கு ஒன்று. ஆட்கள்: நால்வர். தரை: நூற்று ஐம்பத்தைந்து. குறைவு: இருபத்தாறு சென்டிமீட்டர்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

அவர் தரைப்படத்தைப் பார்த்தார். முகம் இளகியது. பெரியவளுக்கு அந்த இளக்கம் ரொம்பப் பழக்கம்; உதவித்தொகை விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் எல்லாம் அது இருக்கும்.

“எவ்வளவு கஷ்டமான சூழ்நிலையில இருந்து வந்து, நீ...”

“சார், இதுல கஷ்டம்னு எங்கயும் எழுதல. அளவுதான் எழுதியிருக்கேன்.”

கடுக்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிற்பி எதையும் காதில் வாங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைப்படத்தின்மேல் குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

“இந்த ஒட்டெல்லாம் என்ன?”

“முதல்ல பொருந்தறதுக்காக வெட்டினேன். தப்புன்னு தெரிஞ்சதும் ஒட்டினேன்.”

“புதுசா வெட்டியிருக்கலாமே?”

“வெட்டினது நான்தானே மேடம். தெரியட்டும்.”

சிற்பி தலையை ஆட்டிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தார்.

“மேடம், காலு. அது நான்.”

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் அம்மா நின்றிருந்தாள். சலவைக்கூடத்தின் நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பியவள் வழியில் இறங்கியிருக்கிறாள். எதற்கு வந்தாள் என்று பெரியவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் சொன்ன பேச்சைக் கேட்டாளா என்று பார்க்க வந்திருக்கிறாள்.

சிற்பி சட்டென்று காலை எடுத்தார். “மன்னிச்சுக்கங்க,” என்று அம்மாவிடம் சொன்னார். தாளிடம் சொல்கிற மாதிரியும் இருந்தது.

அம்மா உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், தன்னைப் பார்த்தாள். எல்லாரும் நேராக இருந்தார்கள். முகத்தில் ஒரு திருப்தி. அப்புறம் கண் ஓரத்துக்குப் போனது.

“சின்னவளுக்கு அந்தாண்ட யாரு?”

“நான்.”

“நீ ஏன்டி சுவத்துக்கு வெளிய கெடக்கற?”

“உள்ள பதினெட்டுதான்மா மிச்சம். கடைசியா வந்து படுக்கறது நான்தானே.”

அம்மா பையை ஓரமாக வைத்தாள். மண்டிபோட்டு அப்பாவின் உருவத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். “கொஞ்சம் தள்ளுங்க,” என்று தாளிடம் சொல்லி, பீரோ பக்கமாக இழுத்தாள்.

“அம்மா, மதிப்பீடு நடக்குது,” என்றார் துறைத்தலைவர். “இப்ப எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா...”

“ரெண்டே நிமிஷம் சார். புள்ளைய உள்ள போட்டுட்டு எந்திரிச்சுடறேன்.”

மாத்தினால் என்ன என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. சொல்லவும் வேண்டாம், நடுவில் அசைத்தால் வேலை செல்லாது என்ற விதி பெரியவளுக்குத் தெரியும். ஆனால் அவளை நகர்த்தியது விதி இல்லை. பீரோ கோட்டில் முட்டி அப்பாவின் கை கசங்குவதைப் பார்த்தாள். போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடும்மா.”

“வெளியவா படுப்ப?”

“யாரையும் ஒடுக்க வேணாம்மா. ஒடுக்கிப் பாத்துட்டேன். கையை வெட்டித்தான் ஒடுக்க முடிஞ்சுது.”

அம்மா ஒட்டுக் கோட்டைப் பார்த்தாள். தன் உருவத்தின் தோளில் ஓடிய ஒட்டில் விரலை வைத்தாள்.

“என் கையவும் வெட்டுனியா?”

“ஏழு சென்டிமீட்டர்.”

“பாவி.”

அப்பாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். கசங்கிய கையை உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். இருபது வருஷ இஸ்திரிக் கை, சுருக்கம் ஓரளவு போனது. பீரோ ஓரத்தை விரலால் தடவிச் சரியாக இருக்கிறதா என்று மகளைப் பார்த்தாள். மகள் தலையசைத்தாள். ஆனால் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

“அப்ப சுவத்தையாவது அழிச்சுட்டுத் தள்ளிப் போடு. கரிதானே?”

“சுவர் அளவு மாறாதும்மா.”

“ஆமா. பக்கத்து வீட்டுக்காரி வேற சண்டைக்கு வருவா.”

முதலில் சிரித்தது சிற்பிதான். துறைத்தலைவர் சிரிக்கலாமா என்று யோசித்தார்.

மூன்று பேரும் மூலையில் கை கழுவும் தொட்டி அருகே போய்ப் பத்து நிமிஷம் பேசினார்கள். விதியைப் பற்றி ஏதோ விவாதம். எல்லாம் இருந்த இடத்தில்தானே இருக்கு என்று சிற்பி சொன்னது கேட்டது. பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நகத்தடியில் கரி இருந்தது. இது போனால் சான்றிதழில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அவளே நம்பவில்லை.

கடுக்கன் வந்து மதிப்பெண் தாளை நீட்டினார். நூற்றுக்கு அறுபத்திரண்டு. தேர்ச்சி.

“நாலு வரி எழுதினதுக்குப் பத்து மார்க் போச்சு,” என்றார்.

“ஐந்நூறு வார்த்தைக்கு அதுல என்ன சார் இருக்கு?”

“அதைத்தான் நானும் கேட்டேன்.”

சிற்பி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “அப்பாவோட காதுகிட்ட கோடு சரியில்ல. தொடறதுக்குப் பயந்திருக்க. மத்த எடமெல்லாம் பயப்படாம போட்டிருக்க.”

யாரும் அப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. பாராட்டியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. “ஆமா மேடம்,” என்றாள்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “பாஸா?”

“பாஸ்.”

“அப்ப இனிமே நீ மைனரா?”

“ஆமாம்மா.”

மணி பன்னிரண்டே முக்கால். வேலையை மாலை ஐந்துவரை எடுக்கக் கூடாது. மற்ற மாணவர்கள் வந்து பார்ப்பார்கள். இப்போதே வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பெரியவள் கடிகாரத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ போடி. கல்லு உடைக்கணும்னியே,” என்றாள் அம்மா. “எனக்கு ரெண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் இருக்கேன்.”

“கல்லு இல்லம்மா, காங்கிரீட்.”

“ஏதோ ஒண்ணு. போ.”

கொண்டை ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அம்மா அதில் நிமிர்ந்து உட்கார்ந்து நீலக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டாள். பெரியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். மாடிப்படி பாதி இறங்கும்போது மேலே அம்மாவின் குரல் கேட்டது.

“சுத்தி வாங்க, சுத்தி வாங்க. குறுக்கால போகாதீங்க, அவரு தூங்கறாரு.”

யாரோ ஒரு பெண், “ஆன்ட்டி, இந்த வீடு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“எதுக்கு? வரப்போறியா?” என்றாள் அம்மா. “எடம் இல்ல.”